நிற்கத் தெரிந்த வண்டி

அடுகோடி, பெங்களூர்
11 பிப்ரவரி 2001

கிருத்திகா,

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாக நீ சொன்னாய்: "போன் பண்ணாதே ரகு. உன் குரலைக் கேட்டா கத்திடுவேன். எழுதணும்னா எழுது." இரண்டு மாதமாகிறது. பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் உன் பெயருக்குக் கீழே எதுவும் வருவதில்லை. இன்றைக்குத்தான் எழுதுவதற்கு ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. வண்டி.

உதட்டைச் சுழிக்காதே. முழுசாகப் படி.

ஏப்ரலில் ஊருக்கு வெளியே ஒரு பழைய விமானத் திடலில் கார்ப் பிரியர்கள் எல்லாம் சேர்ந்து ஓட்டப் போகிறார்கள். பந்தயம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொருத்தராக ஓடி, நேரம் குறித்துக்கொள்வார்கள். நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். அதற்குள் நம் சிவப்பு வண்டியைக் கொஞ்சம் தேற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய முடியாது, ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். ஷெட்டில் முனிகிருஷ்ணன் ஒரே பிடியாக எஞ்சினைச் சொல்கிறார். "சார், ஹெட்டை எறக்கி உள்ளார நல்லா தீட்டி, பெரிய கார்புரேட்டர் வெச்சு, தாராளமா மூச்சு விடற மாதிரி ஒரு சைலன்சர் மாட்டினா வண்டி பறக்கும் சார்." ஆபீஸ் நண்பர்கள் அகலமான வீலும் டயரும் என்கிறார்கள். இன்டர்நெட்டில் படித்தால் ஷாக் அப்சார்பர் என்கிறார்கள். பிரேக்கைப் பற்றி யாருமே பேசுவதில்லை. ஆனால் என் வீட்டில் பிரேக் லைனிங்கைச் சோதிக்கிற இன்ஜினீயர் ஒருத்தி இருந்தாள் என்பது ஞாபகம் வந்தது. அதனால்தான் கேட்கிறேன். எதைச் செய்யட்டும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் கனகபுரா ரோட்டில் போய்விட்டு வருகிறேன். கூரையைக் கழற்றிவிட்டுப் போனால் வெயில் சுகமாக இருக்கிறது. வழியில் இட்லி சாப்பிடுகிறேன். சிக்னலில் நின்றால் பக்கத்து பஸ்ஸில் இருப்பவர்கள் முதலில் வண்டியைப் பார்க்கிறார்கள், அப்புறம் காலியாக இருக்கும் இடது சீட்டைப் பார்க்கிறார்கள், அப்புறம் என்னைப் பார்க்கிறார்கள். நான் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரகு


வில்லிவாக்கம், சென்னை
20 பிப்ரவரி 2001

திரு. ரகுராம் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டது தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி. அந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

உங்கள் வண்டியின் உடம்பு ஃபைபர். எடை குறைவு. அதனால் இப்போதிருக்கும் எஞ்சினே அதற்குப் போதும். முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின் சக்கரங்களில் டிரம் பிரேக். இரண்டிலும் இருப்பது ஊருக்குள் மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கான லைனிங். இரண்டு மூன்று முறை வேகத்திலிருந்து அழுத்தி நிறுத்தினால் சூடேறிவிடும். சூடேறினால் பெடல் இருக்கும், பிடி இருக்காது. இதை நான் தினமும் ஒரு இயந்திரத்தில் பார்க்கிறேன். நிற்கத் தெரியாத வண்டிக்கு வேகம் கூட்டுவது புத்திசாலித்தனம் இல்லை.

ஆகவே முதலில் பேட், லைனிங், பழைய ரப்பர் குழாய்கள், பிரேக் ஆயில். அடுத்து நல்ல டயர். அதற்கும் அடுத்து ஷாக் அப்சார்பர். எஞ்சின் கடைசியில். முனிகிருஷ்ணன் சிரிப்பார். சிரிக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. செப்டம்பரில் அந்த வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, என்னைக் கீழே வரச் சொன்னீர்களே. அன்றைக்கு நான் ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

இங்கே ஹாஸ்டலில் எனக்குத் தனி அறை. வேலை போய்க்கொண்டிருக்கிறது.

கிருத்திகா


அடுகோடி
4 மார்ச் 2001

கிருத்திகா,

"திரு. ரகுராம் அவர்களுக்கு." ஒரே வகுப்பில் நான்கு வருடம் படித்தோம், எட்டு வருடம் குடித்தனம் செய்தோம். உன் அம்மா முன்னால் மட்டும்தான் என்னை "நீங்க" என்பாய், அதையும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வாய். உன் கடிதத்தில் எத்தனை "நீங்கள்", "உங்கள்" என்று எண்ண ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

நீ சொன்ன மாதிரியே பிரேக் வேலையை ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன். முனிகிருஷ்ணன் சிரிக்கவில்லை. "மேடம் சொன்னாங்களா? அப்ப சரி" என்றார். உன்மேல் அவருக்கு மரியாதை அதிகம்.

உன் கேள்வி மறக்கவில்லை. "இதுல எத்தனை சீட்டு ரகு?" என்று கேட்டாய். நான் "ரெண்டு" என்றேன். நீ மாடிக்குப் போய்விட்டாய். அந்தக் கேள்விக்கு அதற்குமேல் ஒரு பதில் வேண்டும் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இப்போது சொல்கிறேன். ஜூலைக்குப் பிறகு நீ ஆபீஸிலிருந்து வந்தால் நேராகக் கட்டிலுக்குப் போய்விடுவாய். மொட்டை மாடிக்குக்கூட வரமாட்டாய். கூப்பிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாய். ஒருநாள் இந்திராநகரில் ஒரு வீட்டு வாசலில் இந்த வண்டி நின்றது. விற்பனைக்கு என்று அட்டை மாட்டியிருந்தார்கள். கூரை திறந்திருந்தது. இதில் உட்கார்ந்தால் உன் முகத்தில் காற்று அடிக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான். சீட்டை எண்ணி வாங்கவில்லை. நாம் இரண்டு பேர், அதில் இரண்டு சீட்டு. வேறெதுவும் தோன்றவில்லை.

ஆபீஸில் எல்லோரும் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று: "வைஃப் எப்படி இருக்காங்க?" எல்லோரும் நல்லவர்கள்தான். மூன்று தடவையும் அதையேதான் கேட்டார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

கீழ்வீட்டு லட்சுமம்மா மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம், "அம்மா யாவாக வராங்க?" என்று நீ வரும் நாளைக் கேட்கிறார். டிரெய்னிங் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இவ்வளவு நீளமான டிரெய்னிங்கா என்று அவர் கேட்பதில்லை. அவ்வப்போது ஒரு கிண்ணத்தில் சாரு, அவர்கள் வீட்டு ரசம், கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்.

ரகு


வில்லிவாக்கம்
15 மார்ச் 2001

ரகு,

"வேறெதுவும் தோன்றவில்லை." அதேதான். உனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மூன்று பேர் என் வயிற்றில் இருந்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவது ஆறு மாதம் இருந்தது. அது உதைத்தபோது உன் கையை எடுத்து வைத்திருக்கிறேன். டாக்டர் இன்னொரு முறை முயலலாம், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னாள். நீயும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். முயலலாமா வேண்டாமா என்று நாம் ஒருநாளாவது உட்கார்ந்து பேசினோமா? பேசவில்லை. நான் பேசத் தெம்பு வரட்டும் என்று படுத்திருந்தேன். அதற்குள் நீ ஒரு வண்டியோடு வந்தாய். பின்சீட்டே இல்லாத வண்டி. இனி நாம் இரண்டு பேர்தான் என்று சிவப்புப் பெயின்ட் அடித்து வாசலில் நிறுத்திய மாதிரி இருந்தது எனக்கு.

அதற்கு முன்னால் தொட்டில். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். சின்ன அறையின் கதவைத் திறந்தேன். தரையில் நான்கு கால் தடம் மட்டும் இருந்தது. "லட்சுமம்மாவோட அக்கா பொண்ணுக்குக் குடுத்துட்டேன்" என்றாய், பால்காரனுக்குக் காசு கொடுத்துவிட்டேன் என்று சொல்கிற அதே குரலில். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எதையும் சீக்கிரம் சரிசெய்துவிட வேண்டும் உனக்கு. சத்தம் வந்தால் திருகு, முறுக்கு, மாற்று. சில சத்தங்களைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், ரகு.

இங்கே நாள் முழுக்க லேபில் லைனிங் கருகுகிற வாடை. குளித்தாலும் தலைமுடியில் இருக்கிறது. சாயங்காலம் ஹாஸ்டலில் பெண்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்து ஒரே குரலாகச் சிரிப்பார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்துவிடுவேன். "அக்கா, உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "இல்லை" என்றேன். சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை. இல்லை என்பது பொய் மாதிரி இருந்தது.

புது லைனிங் போட்டவுடன் ஓங்கி அழுத்தாதே. காலியான ரோட்டில் மெதுவாகப் பலமுறை அழுத்தி நிறுத்து. அது டிஸ்க்கோடு பழக வேண்டும்.

கிருத்திகா


அடுகோடி
16 ஏப்ரல் 2001

கிருத்திகா,

உன் கடிதத்துக்கு உடனே எழுதியிருக்க வேண்டும். எழுதினேன். கிழித்தேன். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு திடலுக்குப் போய்விட்டு வந்தேன். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லச் சொல்லத்தான் மற்றதும் வரும் போலிருக்கிறது.

போவதற்கு முன்னால் முனிகிருஷ்ணன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எஞ்சினும் வேணாம்னுட்டீங்க. ஓசியில ஒரு வேலை இருக்குது சார், செய்யட்டுமா? அந்த லெஃப்ட் சீட்டு சும்னேதான குந்தியிருக்குது. கழட்டிப் போட்டா வண்டி லேசாவும். அங்க எல்லாரும் அதான் பண்ணுவாங்க." அவர் சொல்வதில் தப்பில்லை. சரி என்றேன். நான்கு போல்ட்டுதான். டீ குடித்து முடிப்பதற்குள் சீட்டு தரையில் இருந்தது. ஷெட்டில் விட்டால் கிரீஸ் ஆகும் என்று ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, சின்ன அறையில் வைத்தேன்.

திடலில் என் வண்டிதான் மெதுவான வண்டிகளில் ஒன்று. நேர் ஓட்டத்தில் பலரும் என்னைவிடக் குறைந்த நேரம் எடுத்தார்கள். ஆனால் கோடிக்குப் போய் நின்று திரும்ப வேண்டும் என்று ஒரு சுற்று வைத்தார்கள். எனக்கு முன்னால் போனவன் பெரிய எஞ்சின் போட்டவன். பிரேக் அடித்தான், வண்டி நிற்காமல் புல்லுக்குள் போய்விட்டது. ஆளுக்கு ஒன்றுமில்லை. அடுத்தது நான். நானும் அதே இடத்தில் அழுத்தினேன். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராக, முணுமுணுப்புக்கூட இல்லாமல் நின்றது, கிருத்திகா. நின்ற சந்தோஷத்தில் "பார்த்தியா!" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இடது பக்கம் திரும்பினேன்.

தகரம். நான்கு ஓட்டை.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வண்டி நின்றுபோய்விட்டது என்று நினைத்து இரண்டு பேர் தள்ளுவதற்கு ஓடிவந்தார்கள்.

தொட்டில் விஷயம். ஆறாவது மாதத்தில் நான்தான் சிவாஜிநகரில் வாங்கினேன், ஞாபகம் இருக்கும். மாடிக்கு ஏற்றும்போது லட்சுமம்மா பார்த்துவிட்டு, "பிறக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் வாங்கக் கூடாதுப்பா" என்றார். நான் சிரித்தேன். இரண்டாவது வாரம் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உனக்கு மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்கு வந்தபோது அந்த அறையைத் தாண்டி பீரோவுக்குப் போக என்னால் முடியவில்லை. வாங்கினதால்தான் போய்விட்டது என்று யாரோ உள்ளே உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருந்தது. லட்சுமம்மாவின் கதவைத் தட்டி, "இதை எங்கேயாவது கொண்டுபோயிடுங்க" என்றேன். உன்னிடம் சாதாரணக் குரலில் சொன்னேன் என்கிறாய். வேறு குரலில் சொல்லியிருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன். நீ அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

சாயங்காலங்களில் அந்த அறையில், கழற்றின சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். தரையோடு தரையாக இருக்கிறது. எழுந்திருக்கத்தான் கஷ்டம்.

ரகு


வில்லிவாக்கம்
22 ஏப்ரல் 2001

ரகு,

தொட்டில் வாங்கினதால் எதுவும் நடக்கவில்லை. கர்ப்பப்பையின் வாய் பலவீனம். டாக்டர் என்னிடம் படம் போட்டுக் காட்டினாள். இதை நீ அன்றைக்கே என்னிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். ஒன்பது மாதமாக இதை வைத்துக்கொண்டா ஆபீஸ் போய் வந்தாய்?

இன்னொன்று சொல்ல வேண்டும். இங்கே சோதனைப் பிரிவை முழுசாக என் பொறுப்பில் தருகிறார்கள். இரண்டு வருடம் சென்னையிலேயே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டேன். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. வியாழக்கிழமை வந்திருந்தால் போட்டிருக்க மாட்டேனா என்று நேற்று முழுக்க யோசித்தேன். போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இந்த வேலையில் நான் கெட்டிக்காரி, ரகு. ஒரு வருடமாக நான் எதிலாவது கெட்டிக்காரியாக இருப்பது இங்கே மட்டும்தான். இதை உன்மேல் கோபத்தில் செய்ததாக எடுத்துக்கொள்ளாதே.

ஆனால் உன்னைப் பார்க்க வேண்டும். வீட்டில் வேண்டாம், இங்கேயும் வேண்டாம். மே 13 ஞாயிறு. காலை ரயிலில் ஜோலார்பேட்டை வரைக்கும் வருகிறேன். நீ வண்டியில் வா. ஏலகிரி பக்கத்தில்தான் இருக்கிறது. மேலே போய், இறங்கி வருவோம். இறக்கத்தில்தான் பிரேக்கின் யோக்கியதை தெரியும்.

சீட்டை மாட்டிக்கொண்டு வா.

கிருத்திகா


அடுகோடி
16 மே 2001

கிருத்திகா,

வீட்டுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தேன். கிருஷ்ணகிரிக்கு இந்தப் பக்கம் மழை. கூரையை மாட்டுவதற்குள் நனைந்துவிட்டேன்.

ஸ்டேஷன் வாசலில் நீ சாவியைக் கேட்டுக் கையை நீட்டுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வண்டியை எட்டு மாதமாக வைத்திருக்கிறேன், அந்த இடது சீட்டில் நான் வண்டி ஓடும்போது உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் எல்லாமே வேறு மாதிரி இருக்கிறது. பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. வளைவு எவ்வளவு கூர்மை என்று முன்கூட்டித் தெரிவதில்லை. ஓட்டுகிறவர் அழுத்தும்போது நம் காலும் தரையை அழுத்துகிறது, ஆனால் ஒன்றும் நடப்பதில்லை. போன வருடம் நீ இப்படித்தான் உட்கார்ந்திருந்தாயோ என்று மலை ஏறும்போது நினைத்துக்கொண்டேன். அங்கேயே சொல்லியிருக்கலாம். பிரேக்கைப் பற்றிப் பேசினேன்.

இறங்கும்போது பாதி வளைவில் வண்டியை ஓரம் கட்டினாய். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாய். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே சுற்றிப் போனது. உன் முதுகில் கையை வைக்கலாமா, வைத்தால் தட்டிவிடுவாயா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இதையும் சரிசெய்யப் பார்க்கிறான் என்று நினைப்பாயோ என்று. யோசித்து முடிப்பதற்குள் நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு கியர் போட்டுவிட்டாய்.

கடைசியில் ஸ்டேஷனில், "இன்னொரு தடவை முயற்சி பண்ணணும்னு உனக்கு இருக்கா ரகு?" என்று கேட்டாய். ரயில் வந்துவிட்டது. இந்த மூன்று நாளில் யோசித்தது இது: எனக்கு ஆசை இருக்கிறது. உன்னை மறுபடி அந்த வார்டில் விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்காருவதை நினைத்தால் பயமும் இருக்கிறது. எது பெரிது என்று தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கப் போவதில்லை.

வீடு அமைதியாக இருக்கிறது. குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. வாஷர் மாற்ற வேண்டும். இன்றைக்கு மாற்றவில்லை.

ரகு


வில்லிவாக்கம்
24 மே 2001

ரகு,

கையை வைத்திருக்கலாம்.

தட்டிவிட்டிருக்கவும் கூடும். ஆனாலும் வைத்திருக்கலாம். அடுத்த தடவை யோசிக்காதே.

எனக்கும் எது பெரிது என்று தெரியவில்லை. நீ தெரியும் என்று எழுதியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். இரண்டு வருடம் நான் இங்கேதான். அது மாறாது. வீட்டுக்கு எப்போது வருவேன் என்றும் இப்போது சொல்ல முடியாது. லட்சுமம்மாவிடம் டிரெய்னிங் என்று சொல்லாதே. வேலை என்று சொல். ஜூன் கடைசி ஞாயிறு ஜோலார்பேட்டைக்கு வருகிறேன். மலை வேண்டாம். எங்கேயாவது நிழலில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்போம்.

பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது. பின் டிரம்மில் இடது பக்கம் லேசாக இழுக்கிறது. முனிகிருஷ்ணனைப் பார்க்கச் சொல்.

அன்றைக்கு ரயிலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். காட்பாடியில் ஒரு அம்மா ஏறினாங்க. எதிர் சீட்டு. மடியில் ஒரு துணிப்பை. என் முகம் வீங்கியிருந்தது போல. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எல்லோரும் கேட்கிற மாதிரியே கேட்டாங்க.

"எத்தனை பசங்கம்மா உனக்கு?"

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லவில்லை, ரகு. "மூணு. ஒண்ணும் தங்கல" என்றேன். வெளியே யாரிடமும் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு என்ன ஆகுமோ என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த அம்மா "ஐயோ" என்று சொல்லவில்லை. கோவில் பெயர் சொல்லவில்லை, டாக்டர் பெயர் சொல்லவில்லை. "மூணு" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னாங்க, ஞாபகத்தில் வைத்துக்கொள்கிற மாதிரி. அப்புறம் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து முந்தானையில் துடைத்துக் கொடுத்தாங்க. பசியே இல்லை. ஆனாலும் அரக்கோணம் வருகிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து அதை முழுசாகச் சாப்பிட்டேன்.

கிருத்திகா